ஆற்றுக்கு அப்பால் போன மருந்துச் சீட்டுகள்

ஒரு மருந்தகத்திலிருந்து இன்னொரு மருந்தகத்துக்கு மருந்துச் சீட்டுகளை மாற்றிக் கொடுப்பது பத்து நிமிட வேலை. கியூபெக்கின் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் உதவியாளராக இருக்கும் மருந்தகத்தில் அது அடிக்கடி நடக்கும். ஒருவர் வீடு மாறுவார், ஒருவர் எங்களோடு கோபித்துக்கொள்வார், ஒருவருக்கு வேலைக்குப் போகிற வழியில் வேறொரு கடை வசதியாக இருக்கும். புதிய மருந்தகம் ஃபாக்ஸில் கேட்கும். மருந்தின் பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்த நாள், டாக்டர் எழுதியபடி இன்னும் எத்தனை முறை கொடுக்கலாம் என்பது எல்லாவற்றையும் எழுதி நாங்கள் அனுப்புவோம். மருந்தாளர் கையெழுத்து வைப்பார். அதோடு எங்கள் கணினியில் அந்தச் சீட்டுகள் மூடப்பட்டுவிடும். ஒரே சீட்டுக்கு இரண்டு இடத்தில் மருந்து வாங்க முடியாது. முறைகள் தீர்ந்துபோன சீட்டை மாற்றவும் முடியாது. மறுபடி டாக்டரிடம்தான் போக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் முதலாளியம்மா இதையெல்லாம் சொல்லித் தந்தார். அவர்தான் மருந்தாளரும். ஐம்பதைத் தாண்டிய கியூபெக் பெண்மணி, குரலை உயர்த்தாமலே கண்டிக்கத் தெரிந்தவர். "ஏன் மாறுகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. தடுக்கக் கூடாது, இழுத்தடிக்கக் கூடாது. அவர் எங்கே போனார் என்று வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. மனைவி கேட்டாலும் சரி, தாய் கேட்டாலும் சரி." நான் தலையாட்டினேன். மட்டக்களப்பிலிருந்து வந்து, பிரெஞ்சு வகுப்புகளில் உட்கார்ந்து, அதன் பிறகு ஒரு படிப்பும் படித்துக் கிடைத்த வேலை. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற காலம் அது.

இங்கே நான் எழுதப்போகும் அக்கா, மாதம் ஒருமுறை தன் கணவரின் மருந்தை வாங்க வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வாரத்தில் மூன்று நாள் வேலை. வரும்போது ஒரு கட்டுக் கீரையோ, கொஞ்சம் நசுங்கியதால் விற்காமல் கிடந்த தக்காளியோ பையில் இருக்கும். வேண்டாம் என்றாலும் கவுண்டரில் வைத்துவிட்டுப் போவார். கணவருக்குச் சீனி, பிரஷர், கொழுப்பு, மூன்றுக்கும் குளிசைகள். அவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். முழங்கால் நோவால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. கோயிலில் இரண்டொரு முறை அவரைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மருந்தகத்துக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. "அவருக்கு எந்தக் குளிசை எதுக்கெண்டே தெரியாது பிள்ளை. நான்தான் எடுத்துக் குடுக்கிறது" என்று அக்கா ஒருவிதப் பெருமையோடு சொல்வார்.

அக்காவின் கணவருடைய பெயரில் மாற்றக் கோரிக்கை ஒன்று ஜனவரியில் வந்தது. அனுப்பியது ஆற்றுக்கு அப்பால், புரோசார்ட்டிலுள்ள ஒரு மருந்தகம். எல்லாச் சீட்டுகளையும் கேட்டிருந்தார்கள். வீடு மாறுகிறார்களாக்கும், அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குச் சின்ன மனக்குறை. கோப்பைத் திறந்து, பட்டியலை எடுத்து, முதலாளியம்மாவின் கையெழுத்துக்கு வைத்தேன். மத்தியானத்துக்குள் அது போய்விட்டது.

அடுத்த வாரம் அக்கா வந்தார். சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டு வழக்கம்போல நேரே என்னிடம் வந்தார்.

"அவற்ற மருந்து முடியப்போகுது. எடுத்து வை பிள்ளை."

எனக்கு முதலில் புரியவில்லை. "அக்கா, நீங்கள் வீடு மாறயில்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"வீடோ? ஆர் மாறினது?"

அந்தக் கேள்வியையே நான் கேட்டிருக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு கணினியைப் பார்த்தேன். பிறகு, அண்ணையின், அதாவது அவர் கணவரின், மருந்துகள் இப்போது எங்களிடம் இல்லை என்றேன். அவர் கேட்டு அவை வேறு இடத்துக்குப் போய்விட்டன.

"எந்த இடத்துக்கு?"

"அதை நான் சொல்ல ஏலாதக்கா. அண்ணையிட்டக் கேளுங்கோ."

அக்கா சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "நான் அவற்ற பெண்சாதி" என்றார். அதற்குள் முதலாளியம்மா பக்கத்தில் வந்து, தெளிவான மெதுவான பிரெஞ்சில், ஐயாவே மாற்றச் சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் எங்களால் எதுவும் சொல்ல முடியாது என்றார். அக்காவுக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கும். பையை எடுத்துக்கொண்டு போனார். கொண்டுவந்த வெந்தயக்கீரைக் கட்டு கவுண்டரிலேயே கிடந்தது.

அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது வந்தார். மருந்து வாங்க அல்ல. இருமல் மிட்டாய் இருக்கும் தட்டுக்கு முன்னால் நின்று, கவுண்டர் வெறுமையாகும் வரை காத்திருப்பார்.

"கேட்டன் பிள்ளை. 'நான் எடுக்கிறன், உனக்கென்ன' எண்டார். முப்பத்தொரு வருசத்தில இப்பிடி ஒரு கதை கதைச்சதில்லை."

இன்னொரு நாள்: "செவ்வாய்க்கிழமையில வெளிக்கிட்டால் பின்னேரம்தான் வாறார். சவரம் எடுத்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு. எங்கை எண்டு கேட்டால் சும்மா நடக்கவாம். முழங்கால் ஏலாத மனிசன் இந்தப் பனியில நடக்கப்போறாராம்."

அக்கா என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதையேதான் நினைத்தேன். ஒரு மனிதர் மனைவிக்குத் தெரியாமல் மருந்தை இன்னோர் ஊருக்கு மாற்றி, வாரம் ஒருநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு அங்கே போகிறார் என்றால் வேறு என்ன நினைப்பது?

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் கணவர் என்னை விட்டு ரொறொன்ரோவுக்குப் போனபோது, அந்த விஷயம் எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் மாதக்கணக்காகத் தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், என் வீட்டில் தேத்தண்ணி குடித்தார்கள், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அக்கா அந்த மிட்டாய்த் தட்டின் முன்னால் நிற்கும்போதெல்லாம், இப்போது நான் அந்த மனிதர்களில் ஒருத்தியாகிவிட்டேன் என்று தோன்றும்.

பெப்ரவரித் தொடக்கத்தில் ஒருநாள் வேலை முடிந்து வெளியே வந்தேன். ஐந்து மணிதான், ஆனால் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பஸ் தரிப்பில் அக்கா நின்றார். பஸ்ஸுக்காக நிற்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மூக்கு சிவந்து, கண்ணிமையில் பனி பிடித்திருந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

அக்கா கிட்டே வந்தார். கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தார். "ஆரெண்டு சொல்லவேண்டாம். கடையின்ர பேர் வேண்டாம். ஊரின்ர பேரை மட்டும் சொல்லு. உன்ர கால்ல விழவோ?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்கோ."

"எனக்கு விசர் பிடிக்கப்போகுது பிள்ளை. நித்திரை இல்லை. நீ ஒரு பொம்பிளைதானே."

நான் சொன்னேன். "புரோசார்ட்."

ஒரே ஒரு சொல். அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு என் கையை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். மெட்ரோவில் போகும்போது என் மனம் லேசாக இருந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும். நல்லதொரு காரியம் செய்துவிட்டேன் என்றே அன்று நினைத்தேன்.

அக்கா அன்றே கணவரிடம் கேட்டிருக்கிறார். பிறகு அக்காவே எனக்குச் சொன்னது இது. சோற்றைப் போட்டுவிட்டு, "புரோசார்ட்டில ஆர் இருக்கினம்?" என்று கேட்டாராம். மனிதர் பிசைந்த கையோடு அப்படியே இருந்தாராம். பிறகு எழுந்து போய், தன் குளிர்ச்சட்டையின் உள்பையிலிருந்து ஒரு மருந்துப் பொதியை எடுத்துவந்து மேசையில் வைத்தாராம். வழக்கமான குளிசைகளோடு இன்னும் இரண்டு விதக் குளிசைகள். ஒன்று நித்திரைக்கு. மற்றது மனச்சோர்வுக்கு.

பெண் யாரும் இல்லை. வேலையை விட்டதிலிருந்து அவருக்கு உறக்கம் இல்லாமல் போயிருக்கிறது. காரணமின்றி அழுகை வந்திருக்கிறது. அக்கா சந்தைக்குப் போன பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார். சீனி பரிசோதிக்கப் போன இடத்தில் டாக்டர் முகத்தைப் பார்த்தே கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். இப்படி உள்ளவர்களுக்குப் பாதுகாப்புக்காகச் சில வேளை ஒரு மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள், வாராவாரம்தான் கொடுப்பார்கள். அதற்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைகள்.

அக்கா அழுதாராம். அவரைக் கட்டிப்பிடித்தாராம். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாராம். அந்த அளவில் நின்றிருந்தால் என் தவறு ஒருவேளை நன்மையாகவே முடிந்திருக்கும். ஆனால் அக்காவால் அதைத் தனியே சுமக்க முடியவில்லை. தங்கைக்குப் போன் எடுத்துச் சொன்னார். தங்கை தன் சிநேகிதிக்குச் சொன்னார். பத்து நாளைக்குள் கோயிலில் ஒருவர் அண்ணையின் தோளில் தட்டி, "ஒண்டும் யோசியாதேங்கோ, எல்லாம் சரிவரும்" என்றிருக்கிறார். அண்ணை அன்று வீட்டுக்கு வந்து மனச்சோர்வுக் குளிசையை விட்டுவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை புரோசார்ட்டுக்குப் போகவும் இல்லை.

அந்தக் குளிசைகளை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கவுண்டரில் நின்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தலை சுற்றும், கை நடுங்கும், இருந்த துக்கம் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும்.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை, அக்கா சந்தைக்குப் போன பிறகு, அண்ணை பனிச்சப்பாத்து இல்லாமல் வெறும் செருப்போடு வீட்டைவிட்டு இறங்கினார். மெட்ரோ ஏறி, பிறகு மேற்கே போகும் பஸ் ஒன்றில் ஏறி, அது கடைசியாக நிற்கும் இடம் வரைக்கும் போயிருக்கிறார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ, எங்கள் நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனை. அங்கே தண்ணீரோரம் ஒரு மர வாங்கில் பல மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கல்லூரி மாணவிகள் இரண்டு பேர் அந்த வழியாகப் போகும்போதும் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அசையாமல் இருப்பதைக் கண்டு அம்புலன்ஸை அழைத்திருக்கிறார்கள். இடது காலில் இரண்டு விரல்கள் குளிரில் கறுத்துச் செத்துவிட்டன. அவற்றை எடுக்க வேண்டியிருந்தது. கால் ஆறும் வரை ஒரு பிரிவிலும், பிறகு மனநலப் பிரிவிலும் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு அக்கா வந்து சொன்னபோதுதான் தெரியும். மிட்டாய்த் தட்டுக்கு முன்னால் நிற்காமல் நேரே கவுண்டருக்கு வந்தார். அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "நீ சொன்னது நல்லது பிள்ளை. நீ சொல்லாட்டி எனக்கு ஒண்டும் தெரிஞ்சிராது" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். அந்த நன்றியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு பின்னறைக்குப் போய், ஒரு மருந்துப் பெட்டியின் முத்திரையைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் தரிப்பு, அக்காவின் கை, நான் சொன்ன சொல். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உதவி செய்வதாக நினைத்தாயா?"

"ஆம், அம்மா."

"யாருக்கு?"

அவர் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

"இதை நான் எழுதி வைக்க வேண்டும். ஐயாவுக்கும் தெரியப்படுத்த வேண்டும். முறைப்பாடு செய்ய அவருக்கு உரிமை இருக்கிறது. அவர் செய்தால் நான் உன்னைக் காப்பாற்ற மாட்டேன்" என்றார். பிறகு, அதே குரலில், "நாளையிலிருந்து பின்னறையில் வேலை செய்" என்றார். வாராந்த மருந்துப் பொதிகளில், ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் உரிய குழிகளில் குளிசைகளை எண்ணி வைக்கும் வேலை. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடியும் வரை அதைத்தான் செய்தேன். வேலை போகவில்லை. போயிருந்தால் நல்லது என்று நினைத்த நாட்கள் உண்டு.

ஏப்ரல் நடுவில் அண்ணை வந்தார். முதலாளியம்மா அவருடைய வீட்டுக்குப் போன் எடுத்துப் பேசியிருந்தார். சமையலறையில் கற்ற பிரெஞ்சு அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஊன்றுகோலோடு மெல்ல உள்ளே வந்து, என்னோடு தனியே கதைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நோயாளிகளோடு பேசுவதற்கென்று எங்களிடம் ஒரு சின்ன அறை உண்டு, இரண்டு கதிரை போடும் அளவு. அதில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். கோயிலில் தூரத்தில் பார்த்ததைவிட ஒடுங்கிப்போயிருந்தார்.

"அண்ணை, நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். பல நாள் பாடமாக்கி வைத்திருந்த மிச்சமெல்லாம் மறந்துபோயிற்று.

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நான் ஏன் அங்கை மாத்தினனான் எண்டு தெரியுமோ தங்கச்சி?"

"தெரியாது."

"உங்களாலதான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மனிசி எப்பவும் உங்களைப் பற்றிச் சொல்லுவா. நல்ல பிள்ளை, அன்பாக் கதைக்கும் எண்டு. நல்ல பிள்ளைதான். ஆனால் தமிழ்ப் பிள்ளை. டொக்டர் அந்தத் துண்டை எழுதித் தந்தோடனை எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது நீங்கள்தான். இதைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின்ர கையில எப்பிடிக் குடுக்கிறது எண்டு."

வெளியே யாரோ கணீரென்று "போன்ஜூர்" சொல்வது கேட்டது. அவர் அது அடங்கும்வரை பொறுத்தார்.

"அந்தக் குளிசையை மட்டும் அங்கை எடுப்பம் எண்டுதான் போனனான். எல்லா மருந்தும் ஒரே இடத்தில இருந்தால்தான் ஒண்டுக்கொண்டு ஒத்துவருதோ எண்டு பாக்கலாமெண்டு அங்கை சொல்லிச்சினம். சரி எண்டன். மனிசிக்குப் பேந்து ஏதும் சாட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தன். அவ முந்திக்கொண்டு இஞ்ச வந்திட்டா." பிறகு சொன்னார்:

"அங்கை வேறை ஒண்டும் இல்லை தங்கச்சி. மருந்தை எடுத்துப்போட்டு அந்தப் பெரிய கடைத்தொகுதிக்குள்ள ஒரு கோப்பி குடிப்பன். முழுக்கச் சீனாக்காரர். ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. 'எப்பிடி இருக்கிறியள்' எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். அந்த ரெண்டு மணித்தியாலமும் எனக்குச் சுகமா இருந்தது."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, கோபிக்கவும் இல்லை. அது முடியட்டும் என்று காத்திருந்தார்.

"முறைப்பாடு ஒண்டும் குடுக்கமாட்டன். குடுத்து என்ன? பிள்ளையளை வளக்கிறியளோ?"

"ஒரு மகள்."

"ம்." பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். புரோசார்ட் மருந்தகத்தின் பெயரும் அவருடைய மருந்துகளின் பட்டியலும் அதில் இருந்தன. "இதெல்லாத்தையும் திருப்பி இஞ்ச மாத்திவிடுங்கோ. இந்தக் காலோடை ஆத்தைத் தாண்டிப் போகேலாது. இனி ஒளிக்கிறதுக்கும் ஒண்டுமில்லைத்தானே."

அன்று புரோசார்ட்டுக்குக் கோரிக்கையை நானே எழுதினேன். காரணம் கேட்காமல், தாமதிக்காமல், அவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்த்தவையும் அடங்க ஏழு மருந்துகள். அவற்றில் ஒன்றுக்கு முறைகள் தீர்ந்திருந்ததால் டாக்டருக்கு எழுத வேண்டியிருந்தது. அவருடைய கோப்பை மறுபடி திறந்து ஒவ்வொன்றாகப் பதிந்தேன்.

மே மாதம் முதலாளியம்மா என்னை மறுபடி கவுண்டருக்கு விட்டார். அக்காவைச் சந்தையில் எப்போதாவது காண்கிறேன். அவரும் மாறிவிட்டார். அளந்து கதைக்கிறார். வீட்டில் அண்ணை மற்ற அறையில் படுக்கிறார் என்றும், மருந்து விஷயத்தில் தன்னை ஒன்றும் கேட்க விடுவதில்லை என்றும் ஒருநாள் சொன்னார். "சாப்பிடு எண்டால் சாப்பிடுவார். வேறை கதையில்லை." தங்கையோடு அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. நான் வாங்கிய கத்தரிக்காயைத் தராசில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

அண்ணை செவ்வாய்க்கிழமைகளில் தானே வந்து மருந்து எடுக்கிறார். குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறார் என்பது அவர் திருப்பிக் கொண்டுவரும் வெற்றுப் பொதிகளைப் பார்த்தால் தெரியும். எங்களிடம் இரண்டு கவுண்டர்கள் உண்டு. மற்றதில் நிற்பது ஒரு அல்ஜீரியப் பெண். என் பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும், அங்கே நாலு பேர் நின்றாலும், அவர் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்பார். காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நிற்பார். முறை வந்ததும் பிறந்த தேதியைப் பிரெஞ்சில் சொல்வார். பொதியை வாங்கி மேற்சட்டையின் உள்பையில் வைப்பார். "மெர்சி" என்பார். என் பக்கம் திரும்பாமல் கதவைத் தள்ளிக்கொண்டு போவார்.